வீடு குளிர்ந்தால்தான் நிற்கும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மியூனிக் பக்கத்தில் கார்ஹிங்கில் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் சாப்பிட வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி ஈரோட்டுக்காரி, ஜியாலஜி படிக்கிறவள். நான் அடுப்பில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும்போது கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஆன்ட்டி, இதப் பாருங்களேன். ஆல்ப்ஸ்ல பாறைக்குள்ள சென்சார் வெச்சிருக்கோம். உள்ள எவ்ளோ டெம்பரேச்சர்னு லைவா வருது. பெர்மாஃப்ராஸ்ட் உருகுதா இல்லையான்னு இங்க உக்காந்தே பாக்கலாம்.”

“அந்த நம்பருக்காக அந்தக் காலத்துல நாங்க மலை ஏறணும்டி” என்றேன்.

“யாரு, நீங்களா?”

கரண்டியும் கையுமாக நின்ற என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாடு முடிந்து காபி ஆறும்வரை பேசினேன். “ஆன்ட்டி, இதெல்லாம் எழுதி வைங்க” என்று சொல்லிவிட்டு எல்லாரும் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். பேசுவது சுலபம், எழுதுவதுதான் இழுக்கிறது. இருந்தாலும் ஆரம்பித்துவிட்டேன்.

நான் தூத்துக்குடிக்காரி. இருபத்திரண்டு வயதுவரை ஐஸ் என்றால் எனக்கு மீன்பெட்டியில் கொட்டுகிற ஐஸ்தான். அறுபதுகளின் நடுவில், மியூனிக்கில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த செல்வராஜுக்குக் கழுத்தை நீட்டி இங்கே வந்து சேர்ந்தேன். கையில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் இருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வரும். மண்ணியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. குளிரறையில் நிற்க வேண்டும் என்பதால் யாரும் வரவில்லை, எனக்குக் கிடைத்தது. ஜெர்மன் பாஷை, தராசு, ரம்பம் எல்லாம் அந்த முதல் இரண்டு வருஷத்தில் திட்டு வாங்கி வாங்கியே கற்றுக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எங்கள் வேலை உறைநிலம், அந்தப் பிள்ளை சொன்ன பெர்மாஃப்ராஸ்ட். வருஷக்கணக்காக, கோடையிலும்கூட உருகாமல் நிலத்தடியில் உறைந்தே கிடக்கிற மண்ணுக்கும் கல்லுக்கும் அந்தப் பெயர். சைபீரியாவில், வட கனடாவில் அது பரந்து கிடக்கிறது. ஜெர்மனியில் தெற்கு எல்லையில், மிக உயரமான முகடுகளின் வடக்குச் சரிவில் மட்டும் கொஞ்சம் உண்டு. அங்கே கல்லையும் மண்ணையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதே உள்ளே இருக்கும் ஐஸ்தான். அது உருகினால் பிடி விட்டுப்போகும். மேலே நிற்பது எதுவாயிருந்தாலும் இறங்கும்.

எங்கள் தலைவர் டாக்டர் லிண்ட்னர். உயரமான மனிதர். கம்பளிக் கோட்டுக்குள்ளும் டை கட்டியிருப்பார். தினமும் காலையில் எல்லாருக்கும் கைகொடுப்பார். பத்து வருஷம் கூட வேலை பார்த்தும் என்னைத் திருமதி போட்டு “ஃப்ராவ் செல்வராஜ், நீங்கள்” என்றுதான் பேசினார். பாராட்டே வாயில் வராது. வேலை பிடித்திருந்தால் விரல்முட்டியால் மேஜையில் இரண்டு தட்டு. அதற்கே அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது. இளவயதில் போர்க்கைதியாக சோவியத் நாட்டின் வடக்கே சில வருஷம் மண்வெட்டி பிடித்தவர் அவர். உறைநிலத்தை அவர் முதலில் படித்தது அங்கேதான். அதைப் பற்றி அவராகப் பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம்.

குளிரறைக்கு என்று அவர் வைத்திருந்த முறை இருக்கிறதே, கோயில் கருவறைக்குக்கூட அவ்வளவு ஆசாரம் கிடையாது. நிலத்தைத் துளைத்து எடுத்த மண் உருளைகள் பெட்டியில் வரும். குழாயிலிருந்து அதைத் தள்ளினால், அரிசிமாவும் தேங்காயும் அடுக்கிய புட்டு மாதிரியே வரும்: ஒரு வரி மண், ஒரு வரி வெள்ளை ஐஸ். வெறுங்கையால் தொடக்கூடாது, விரல் சூட்டுக்கே மேல்பக்கம் கசிந்துவிடும். அதன்மேல் மூச்சு விடக்கூடாது, தலையைத் திருப்பி மூச்சு விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். மை உறைந்துவிடும் என்பதால் பென்சிலால்தான் எழுத வேண்டும். இரண்டு முனையையும் அறுத்து, அளந்து, நிறுத்து, பிறகு வெளியே கொண்டுபோய் அடுப்பில் காயவைத்து மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்த எடைதான் உள்ளே இருந்த ஐஸ். ஒருநாள் கதவைப் பிடித்தபடி நான் ஏதோ கேட்கப்போக, “கதவு, ஃப்ராவ் செல்வராஜ்! முதலில் மண், பிறகு நாம்!” என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், நான் கேட்க வந்ததே மறந்துபோயிற்று. ஆனால் எனக்கு வேண்டிய பென்சில்களைத் தினமும் சீவி வைத்திருப்பவரும் அவர்தான். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சிவநேசன் என்று ஒருவர் ஆய்வுப் பட்டத்துக்காக எங்களிடம் வந்தார். முதல்நாள் குளிரறையில் கால்மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து, “அக்கா, இது மனிசர் இருக்கிற இடமோ? என்னால ஏலாது” என்றார்.

“ஏலாதுன்னா ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான், தம்பி.”

“அதுவும் ஏலாது அக்கா. அப்பா என்னைக் கொன்றுபோடுவார்” என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார். ஆறு வருஷம் இருந்தார்.

சிவா வந்த அடுத்த வருஷ வசந்தத்தில்தான் அந்த வீட்டு விவகாரம் வந்தது. ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ஒரு முகட்டின் தோளில் மலையேறிகள் தங்கும் வீடு ஒன்று இருந்தது. கீழே கல், மேலே மரம், இரண்டு மாடி. ஒரு மலையேற்றச் சங்கத்துக்குச் சொந்தம். அதைப் பார்த்துக்கொண்டவர்கள் ஹால்லர் தம்பதி. வருஷம் முழுக்க அங்கேயே குடியிருந்து வானிலைக் கணக்கும் எடுத்து அனுப்புவார்கள். அந்த வீட்டின் ஒரு மூலை இறங்க ஆரம்பித்திருந்தது. சுவரில் விரிசல், கதவை மூட முடியவில்லை. வீட்டை வைத்துக்கொள்வதா இடிப்பதா என்று சொல்லும்படி சங்கம் டாக்டர் லிண்ட்னரைக் கேட்டு, வீட்டின் பழைய வரைபடத்தையும் அனுப்பியிருந்தது.

சாமான் ஏற்றும் கம்பிவடப் பெட்டியில் எங்கள் கருவிகள் போயின. நாங்கள் மூன்று பேரும் நடந்து ஏறினோம். வாசலில் ஃப்ராவ் ஹால்லர் நின்றார். குட்டையாக, சிவந்த கன்னத்தோடு, இடுப்பில் கைவைத்து நின்றார். அவர் பேசிய பவேரியப் பேச்சு என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

“வாங்க, வாங்க. வீட்ட இடிக்க வந்தவுகளுக்கும் மொதல்ல சூப்பு குடுத்துதான் பேசுவோம்” என்றார்.

கீழ்த்தளத்து மூலை அறையில், அறையைச் சூடாக்க ஓடு பதித்துக் கட்டிய பெரிய அடுப்பின் பக்கத்தில், கட்டிலில் சாய்ந்திருந்தார் அவர் கணவர். பெயர் க்ஸாவர், நம் பாஷையில் சவேரியார். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு சவேரியார் உண்டு, அதனால் முதல் நிமிஷமே அவர் எனக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். நெஞ்சு முழுக்கச் சளி, மாடி ஏறினால் மூச்சு முட்டும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன் கட்டிலையும் அடுப்பையும் மேலிருந்து கீழே மாற்றியிருந்தார்கள். டாக்டர்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடச் சொல்லியிருந்தார்கள்.

“கீழயா? போகமாட்டேன்” என்றார் சவேரியார். “முப்பது வருஷம் இங்க இருந்தாச்சு. இங்கயே கண்ண மூடிக்கிடுதேன். இதுக்கு மேல என்னத்தக் கேக்கேன் நான்?”

அவர் கேட்டது அவ்வளவுதான். வீட்டை இடித்தால் அதுவும் இல்லை.

நாங்கள் வேலையைத் தொடங்கினோம். வீட்டின் நாலு மூலையிலும் வெளிச்சுவரோரம் மணிக்கட்டுத் தடிமன் துளை. தண்ணீர் விட்டுத் துளைத்தால் ஐஸ் உருகும் என்பதால் காற்றை அடித்துத்தான் துளைக்க வேண்டும், முகமெல்லாம் தூள். ஒவ்வொரு துளையிலும் ஆழத்துக்கு ஒன்றாக வெப்பமானிகள் கோத்த கம்பியை இறக்கினோம். கம்பியின் முனையை ஜன்னல் வழியாக அறைக்குள் கொண்டுவந்து ஒரு சின்னப் பெட்டியில் மாட்டினோம், திருகைத் திருப்பி முள்ளை நிறுத்திப் படிக்க வேண்டும். டாக்டர் லிண்ட்னர் மண்டியிட்டுப் படிப்பார், நான் எழுதுவேன். துளைத்த சூடு அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி மறுபடி படித்தோம். மூன்று மூலையிலும் நிலம் கல் மாதிரி உறைந்திருந்தது. அடுப்பு இருந்த நாலாவது மூலையில் முள் பூஜ்யத்துக்கு மேலே நின்றது. அங்கிருந்து எடுத்த உருளை என் கையுறையிலேயே சேறாகக் கொழகொழத்தது.

சாப்பாட்டு மேஜையில் டாக்டர் லிண்ட்னர் நேராகச் சொன்னார்: “ஃப்ராவ் ஹால்லர், உங்கள் அடுப்பு இந்த வீட்டைத் தின்கிறது. அடுப்பு அணைய வேண்டும். அல்லது வீடு போகும்.”

ஃப்ராவ் ஹால்லர் கையிலிருந்த கரண்டியை வைத்தார். “அடுப்ப அணைச்சா அவுக போயிருவாக. வீடு நிக்கும், மனுசன் போயிருவான். இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் ஏறி வந்திய?”

டாக்டர் லிண்ட்னர் எழுந்து வெளியே போனார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “டாக்டர் லிண்ட்னர், எப்போதும் மண்தான் முதலா? உள்ளே ஒரு மனிதர் மூச்சு வாங்குகிறார்!” என்று கத்தினேன். சிவா என் முழங்கையைப் பிடித்து இழுத்து, “அக்கா, கொஞ்சம் பொறுங்கோ” என்று தமிழில் முணுமுணுத்தார்.

டாக்டர் லிண்ட்னர் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவினார். “நான் கைதியாக இருந்த முகாமில் அடுப்புக்கு அருகில் படுக்க அடித்துக்கொள்வோம்” என்றார். “ஒரு வசந்தத்தில் நிலம் இளகி, அந்த அடுப்புப் பக்கம்தான் உள்ளே போயிற்று. பன்னிரண்டு பேர் படுத்திருந்தார்கள். அதில் என் நண்பர்களும் இருந்தார்கள், ஃப்ராவ் செல்வராஜ்.” அவ்வளவுதான், நடந்துபோய்விட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அந்த வெட்கத்தில், சும்மா நிற்க முடியாமல், ஃப்ராவ் ஹால்லருக்கு விறகு எடுக்கப் போனேன். அந்த மலைப்பக்கத்தில் விறகு அடுக்குவது பெரிய மானப் பிரச்சினை. அறுத்த முனையெல்லாம் வெளியே தெரிய, ஒரு இழை பிசகாமல் சுவரோரமாக அடுக்கி வைப்பார்கள். அடுக்கைப் பார்த்தே வீட்டுக்காரியை எடைபோடுவார்களாம். நான் கீழ்வரிசையில் ஒரு கட்டையை உருவினேன். பின்னால் இன்னொரு கட்டை. அதற்குப் பின்னால் இன்னொன்று. தோள்வரை கையை விட்டேன், கட்டைக்கு முடிவே இல்லை. அதற்கும் அந்தப் பக்கம் வைக்கோல் கையில் பட்டது.

“சிவா! அந்தப் பழைய பிளான எடுத்துட்டு வாங்க!”

வரைபடத்தில் தெளிவாக இருந்தது. வீட்டைக் கட்டியவர்கள் அதைத் தரையில் வைக்கவில்லை. கல்தூண்கள்மேல் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தார்கள். குளிர்காலம் முழுக்கக் காற்று அந்த இடைவெளியில் ஓடி, வீட்டுச் சூடு நிலத்துக்கு இறங்காமல் வாரிக்கொண்டு போகும். அதற்காகவே விட்ட இடம். வெளியே அழகாக அடுக்கியிருந்த விறகைப் பார்த்துவிட்டு, பின்னால் இடைவெளி இருக்கிறது என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டோம். அது முழுக்க அடைந்து கிடந்தது.

ஃப்ராவ் ஹால்லரைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

“ஆமா, நாந்தான் அடைச்சேன்” என்றார். “கீழ வந்த மொத ராத்திரியே, காலு குளிருதுடின்னாக. பலகைக்கு அடியில காத்து விசில் அடிக்கும். ஒரு வாரம் ஆச்சு எனக்கு. ஒரு பொட்டு எடம் விடாம அடுக்குனேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர், டாக்டர் லிண்ட்னர் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விறகுமேல் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஐயோ மாதாவே. நானா? நானா எங்க வீட்டக் கவுத்தேன்?”

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சவேரியார் இருமலோடு சிரித்தார். “காலு குளிருதுன்னு ஒரு வார்த்த சொன்னேன். இவ மலைக்கே சொக்கா போட்டு விட்டுட்டா. ஏட்டி, அழாத. உள்ள வா.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிவா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை டாக்டர் லிண்ட்னர் சவேரியாரின் கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தார். அவர் யார் கட்டிலிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விறகு முழுக்க வெளியே வர வேண்டும் என்றார். அடுப்பும் கட்டிலும் மேல்மாடிக்குப் போக வேண்டும். கீழ்த்தளத்தில் இனி நெருப்பே கூடாது, இந்த அறையைக் குளிர்காலத்தில் ஜன்னல் திறந்து காற்றுக்கு விட்டுவிட வேண்டும். அப்படிச் செய்தால் நிலம் மறுபடி உறையும், வீட்டை இடிக்க வேண்டாம் என்று எழுதித் தருவேன் என்றார்.

“ஆனால் ஹெர் ஹால்லர், உங்களை மேலே தூக்கிக்கொண்டு போனால், நீங்களாக இறங்கி வர முடியாது. அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.”

“எறங்கி எங்க போகப் போறேன்?” என்றார் சவேரியார். “மேல ஜன்னல்ல இருந்து ரெண்டு நாடு தெரியும்.”

மறுநாள் விறகு இறக்கினோம். வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி. டாக்டர் லிண்ட்னர் டையோடு மண்ணில் படுத்து, வீட்டுக்கு அடியில் தவழ்ந்து, கடைசி வைக்கோல்வரை இழுத்துப் போட்டார். சிவா என்னிடம், “அக்கா, பி.எச்.டி. எண்டு சொல்லிப்போட்டு விறகு சுமக்க விட்டிருக்கினம், அம்மாவுக்கு எழுதினா நம்பமாட்டா” என்றார். எடுத்து முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்து பாவாடை விளிம்பை அடித்தது. ஃப்ராவ் ஹால்லர் குனிந்து கையை நீட்டி அந்தக் காற்றைத் தொட்டுப் பார்த்தார்.

அடுப்பை ஓடு ஓடாகப் பிரித்து மேலே கட்டக் கீழேயிருந்து கொத்தனார் வந்தார். சவேரியாரை நாற்காலியில் உட்காரவைத்து, டாக்டர் லிண்ட்னர் ஒரு பக்கம், சிவா ஒரு பக்கம் தூக்கினார்கள். நான் பின்னால் கம்பளியோடு ஏறினேன். பாதிப் படியில் சவேரியார், “ஹெர் டாக்டர், ஒங்களுக்கும் எளைக்குது, நெஞ்சப் பாத்துக்கிடுங்க” என்றார். டாக்டர் லிண்ட்னர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். நானும் சிவாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இலையுதிர்காலத்தில் ஒருமுறை போய்ப் படித்தோம். நாலாவது மூலையில் முள் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. சவேரியார் மாடி ஜன்னலில் இருந்தார். என்னைப் பார்த்து, “ஒங்க ஊர்ல மண்ணு உறையுமா?” என்று கேட்டார். “எங்க ஊர்ல மண்ணுல காலை வச்சா சுட்டுப் பொத்துப்போகும்” என்றேன். “அப்ப அங்க வீடு கட்டறது லேசு” என்றார். போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு பனி விழுந்து பாதை மூடிக்கொண்டது. கம்பிவடமும் நின்றுவிடும், வசந்தம்வரை யாரும் ஏற முடியாது.

அடுத்த மே மாதம் நாங்கள் மூவரும் மறுபடி ஏறியபோது ஃப்ராவ் ஹால்லர் கறுப்பு உடையில் வாசலில் நின்றார். கீழ்த்தளத்து ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன.

“கிறிஸ்மஸ் முடிஞ்சு போயிட்டாக” என்றார். “தூக்கத்துலயே. போன வாரந்தான் பாத தெறந்துச்சு, ஆளுக வந்து எறக்கிக் கொண்டுபோய் அடக்கம் பண்ணியாச்சு.”

நான் பையைக் கீழே போட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் லிண்ட்னர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இத்தனை மாதம் அவரை எங்கே வைத்திருந்தார் என்று எங்கள் மூன்று பேர் மனதிலும் ஓடிய கேள்விக்கு ஃப்ராவ் ஹால்லரே பதில் சொன்னார்.

“இந்த அறையிலதான் வச்சிருந்தேன். நீங்க குளிர விடச் சொன்ன அறையில. வேற எங்க வைக்க? நல்ல சட்டை போட்டு விட்டேன். தெனமும் காலையில வந்து வானிலை எழுதுனதும் அவுககிட்ட வாசிச்சிக் காட்டுவேன். மனுசன் சும்மா தூங்குத மாதிரியே இருந்தாக, கடைசி நாள் வர.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “மேல அடுப்பப் பெருசா எரிக்கவே இல்ல நான். கஞ்சி வைக்க மட்டும். வீட்டுக்காக இல்ல, அவுகளுக்காக” என்றார்.

டாக்டர் லிண்ட்னர் அந்த அறைக்குள் போக அவரிடம் அனுமதி கேட்டார். மூலையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்து, திருகைத் திருப்பி, ஒவ்வொரு ஆழமாகப் படித்தார். வழக்கமாக எனக்கு மட்டும் கேட்கும்படி படிப்பவர், அன்றைக்கு வாசலில் நின்ற ஃப்ராவ் ஹால்லருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். எல்லாமே பூஜ்யத்துக்குக் கீழே. கடைசி எண்ணில் அவர் குரல் உடைந்தது, நான் அதைத் தெரியாதவள் போல எழுதிக்கொண்டேன்.

“கெட்டியா இருக்கா?” என்று கேட்டார் ஃப்ராவ் ஹால்லர்.

“கல்லாக இருக்கிறது, ஃப்ராவ் ஹால்லர். வீடு நிற்கும்.”

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“அப்ப இனிமே மேல நல்லா எரிக்கலாம்” என்றார். “ஏறி வாங்க எல்லாரும். குளிர்ல நிக்காதிய.”